உதறும் அவுட்போர்டு: நீலாங்கரைக் கரையில் சில வருஷ அனுபவம்

என்னுடையது படகின் பின்னால் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார்: 9.9 குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். சென்னை நீலாங்கரையிலிருந்து பக்கத்துக் கடலுக்குள் நண்டு வலைக்கும் தூண்டிலுக்கும் போகிற சின்ன ஃபைபர் படகில் சில வருஷமாக ஓட்டுகிறேன். கயிறு இழுத்தால் கிளம்பிவிடும், இழுவை போதும், பெட்ரோல் மட்டும் கொஞ்சம் அதிகம் குடிக்கும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத வேண்டியது உதறலைப் பற்றித்தான். மோட்டார் உதறினால் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது இஞ்சினில். என் அனுபவத்தில் கோளாறு அங்கே இருந்ததைவிட, தண்ணீருக்குள்ளும், மோட்டாரை மாட்டுகிற படகின் பின்பலகையிலும் இருந்ததுதான் அதிகம்.

காசிமேட்டில் மோட்டார் பார்க்கிற அண்ணன் ஒருவர், மூடியைத் தொடும் முன்பே கேட்பார்: “இன்னா தம்பி, கியர்ல போட்டா மட்டும் உதறுதா, நியூட்ரல்லயும் உதறுதா?” பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். நியூட்ரலில் ஒழுங்காக ஓடி, கியர் விழுந்ததும் உதறினால், தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லர் பக்கம் போக வேண்டும். நியூட்ரலிலேயே உதறினால்தான் பிளக், கார்பரேட்டர் எல்லாம்.

நியூட்ரல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் வெடித்தால் மோட்டார் நொண்டும், கைப்பிடி நடுங்கும். எந்த சிலிண்டர் தூங்குகிறது என்று பார்க்க, ஓடும்போதே பிளக் கேப்பைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. ஷாக் அடிக்கும், பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் சிடிஐ யூனிட்டும் போய்விடலாம். மோட்டாரை நிறுத்தி, ஒரு கேப்பில் உபரி பிளக்கை மாட்டி அதை இஞ்சின் உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, மறுபடி கிளப்பிப் பார்ப்பது நல்லது. ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லையென்றால் தூங்குகிற சிலிண்டர் அதுதான். என் மோட்டாரில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்பரேட்டர். அதனால் ஒரு பக்கம் மட்டும் நொண்டினால் முதலில் பிளக், கேப், வயர், அதற்கப்புறம் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் பெட்ரோல். மழைக்காலத்தில் படகு சும்மா கிடக்கும்போது எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பழைய பெட்ரோலைக் கொட்டி, கார்பரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்தாலே பாதி சரியாகிவிடும். பிளக் கேப்புக்குள் பூக்கும் உப்பையும் பார்த்துவிடுங்கள்.

இனி தண்ணீருக்குள். இங்கே அலையைத் தாண்டிக் கரையேறும்போது மோட்டாரைத் தூக்க ஒரு நொடி தாமதமானாலும் புரொப்பல்லர் இறக்கை மணலில் இடித்துவிடும். அலுமினிய இறக்கை லேசாக வளைந்தாலும் வேகம் கூடக் கூட உதறலும் கூடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் செய்வது இது: மோட்டாரை அணைக்கும் கில் சுவிட்ச் கயிற்றையும் பிளக் கேப்புகளையும் கழற்றிவிட்டு, நியூட்ரலில் வைத்து, புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டில் ஒரு கம்பித் துண்டை டேப் போட்டு ஒட்டி, அதன் நுனியை ஒரு இறக்கையின் ஓரத்துக்கு நேராக வைப்பேன். கையால் சுற்றினால் ஒவ்வொரு இறக்கையும் அதே இடத்தில் வருகிறதா, விலகுகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு வெறும் ஷாஃப்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் நுனியே வட்டம் போட்டால் வளைந்திருப்பது இறக்கை மட்டுமல்ல, செலவும் வேறு கணக்கு.

புரொப்பல்லரைக் கழற்றும்போதுதான் தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நரம்பு, வேலையைக் காட்டும். ஒரு தடவை ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி இழுத்தால், வாஷருக்குப் பின்னால் பச்சைத் தங்கூசி இறுகச் சுற்றி, சூட்டில் உருகி வளையல் மாதிரி ஷாஃப்டில் ஒட்டிக் கிடந்தது. கத்தியால் நீளவாக்கில் கீறித்தான் எடுக்க முடிந்தது. அது, கியர் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ஆயில் சீலைத் தின்றிருந்தது. கியர் பெட்டியின் கீழ்த் திருகைத் திறந்தால் கியர் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் உள்ளே போனதன் அடையாளம் அது. அப்படியே ஓட்டினால் பேரிங் போகும், அப்புறம் உதறலோடு இரைச்சலும் சேரும். அடையாறும் கூவமும் வெள்ளத்தில் குப்பையைக் கடலுக்குள் தள்ளுகிற மாதங்களில் புரொப்பல்லரை அடிக்கடி கழற்றிப் பார்ப்பது வீண் வேலையல்ல.

இஞ்சின் சத்தம் ஏறுகிறது, படகு நகரவில்லை என்றால் அது உதறல் கேஸே இல்லை. புரொப்பல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வளைந்த அலுமினிய இறக்கையைத் தட்டி நிமிர்த்தித் தரும் லேத்துகள் இருக்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தட்டிய இடத்தில் உலோகம் பலம் இழக்கும். அதே அளவில் இன்னொன்றை வாங்கி வைப்பது மேல். சந்தேகம் வந்தால் மாற்றிப் போட்டு ஒரு சுற்று ஓட்டினால் போதும், எந்த மெக்கானிக்கும் தேவையில்லை.

மாற்றியும் உதறல் போகவில்லையா? பின்பலகையைப் பாருங்கள். கிளாம்ப் திருகுகள் ஓட ஓடத் தளரும். அரை மணி நேரம் ஓடியதும் ஒரு தடவை முறுக்குவது என் பழக்கம். ஃபைபர் படகின் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளேயே அழுகும், வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் நல்ல இடத்தில் கணீரென்றும், அழுகிய இடத்தில் மொத்தென்றும் கேட்கும். மோட்டாரின் காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது அளவுக்கு மீறி அசைந்தால், அதிர்வைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் முடிந்தது. உப்பும் வெயிலும் பெட்ரோலும் சேர்ந்து ரப்பரை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும்போது மட்டும் சீறி உதறினால் மோட்டார் உயரமாக மாட்டப்பட்டிருக்கிறது, காற்றை இழுக்கிறது. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் அந்தத் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு விரல் கீழேயோ இருக்க வேண்டும். வாடைக் காற்றுக் கடலில் எப்படி மாட்டினாலும் கொஞ்சம் சீறத்தான் செய்யும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: ஒற்றை சிலிண்டர் சின்ன மோட்டார் ஐடிலில் நடுங்குவது அதன் பிறவிக் குணம், அதைக் கோளாறு என்று பிரிக்க வேண்டாம். நடுக்கம் பிடிக்காதவர்கள் இரண்டு சிலிண்டருக்குப் போகலாம். என்னுடையதில் மேல் மவுண்ட் ரப்பரை மாற்றியாகிவிட்டது. கீழ் ரப்பர் இந்த மழைக்கு முன்.