பழைய மடிக்கணினியைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: ரூ. 6,850 போனது, ஹார்ட் டிஸ்க்கும் திரும்பவில்லை

இன்று மாலை அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பி, கை நடுக்கம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். காரைக்குடியில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் ரூ. 6,850 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அது எழுத வேண்டிய மனுவில் எழுதப்படும். நடந்ததைச் சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட கடைகளில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என் மடிக்கணினி 2014-இல் மகன் வாங்கிக் கொடுத்தது. நான்கு ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது என்பதால் எப்போதும் மின் இணைப்பிலேயே வைத்திருப்பேன். எங்கள் பங்காளிகள் கூடி முன்னோருக்குச் செய்யும் படைப்பின் கணக்கை, எந்தப் புள்ளி (கல்யாணமான குடும்பம்) எவ்வளவு கொடுத்தது, எந்தப் புள்ளியிடம் பாக்கி என்ற விவரத்தோடு, பதினோரு ஆண்டுகளாக அதில்தான் ஏற்றி வந்தேன். என் மாமியாரின் கல்யாண ஒப்பந்தப் பத்திரமான இசைகுடிமானம் செல்லரித்துப் போவதற்கு முன் எடுத்த படம் அதில் இருந்தது. கானாடுகாத்தானில் எங்கள் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டைப் பிரிப்பதற்கு முதல் வாரம், ஒவ்வொரு தேக்குத் தூணையும், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களையும் நானே நின்று எடுத்த 640 படங்களும் அதில்தான் இருந்தன. அந்தக் கட்டு இன்று இல்லை. அதன் சுவடு அந்தப் படங்களில் மட்டும்தான் இருந்தது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு திரையில் வந்துகொண்டே இருந்தது. கணினியும் திறப்பதற்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. எனவே கார்த்திகை பிறந்த வாரத்தில் அதைக் கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "புது விண்டோஸ் போட்டுத் தர்றேன் ஆச்சி, ராக்கெட் மாதிரி ஓடும்" என்றார். எனக்கு வேகம் பெரிதல்ல, உள்ளே இருப்பவை பத்திரமாக இருக்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். அப்போது அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார். மஞ்சள் தாள் ஒன்றைக் கிழித்து, என் பெயரைக் கேட்டு, அதில் பேனாவால் எழுதி, என் கண் முன்னாலேயே அதன் மேல் ஒட்டினார். "இதுல முழுசா எடுத்து வச்சுட்டுத்தான் உங்க மிஷின்ல கையே வைப்பேன் ஆச்சி" என்றார். அந்த மஞ்சள் தாளைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். முன்பணமாக ரூ. 2,000 கொடுத்தேன், இரசீது கேட்கவில்லை.

இரண்டு நாளில் தருவதாகச் சொன்னவர் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். இடையில் தொலைபேசியில் அழைத்து, ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது, அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க் போட வேண்டும் என்றார். நான் கொடுத்த அன்று காலைவரை அதே டிஸ்க்கில்தான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இருந்தும் சரி என்றேன். கடைசியில் எஸ்.எஸ்.டி.க்கு 2,800, "ஒரிஜினல் விண்டோஸ்" என்று 1,850, கோப்புகளை எடுத்து வைத்ததற்கு 1,200, கூலி 1,000 என்று ரூ. 6,850 கணக்குச் சொன்னார். மீதி ரூ. 4,850-ஐக் கைப்பேசி வழியே அனுப்பினேன். கடையில் கணினி ஓடியது. "ஆச்சி பேக்கப்" என்ற கோப்புறையைத் திறந்து காட்டினார். உள்ளே எனக்குத் தெரிந்த பெயர்களெல்லாம் வரிசையாக இருந்தன.

வீட்டில் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஊரில் இல்லாததால் மின் இணைப்பைக் கழற்றி வைத்திருந்தேன். திரும்பி வந்து போட்டபோது கறுப்புத் திரை. இயங்குதளம் உள்ள டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. கடைக்குப் பேசினால், "கரண்ட் ஏற்ற இறக்கமா இருக்கும் ஆச்சி" என்றார். எடுத்துச் சென்றால், முதலாளி இல்லை. அடுத்த முறை, திருக்கார்த்திகை முடியட்டும். பிறகு, "பிள்ளையார் நோன்பு கழியட்டும் ஆச்சி, நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்." திருக்கார்த்திகைக்கும் பிள்ளையார் நோன்புக்கும் இடைப்பட்ட அந்த 21 நாளும் நான் அனுப்பிய செய்திகளை அவர் படித்தார், ஒன்றுக்கும் பதில் இல்லை.

பொறியியல் படிக்கும் என் தம்பி மகன் விடுமுறைக்கு வந்துதான் கோளாறைக் கண்டுபிடித்தான். கணினி திறக்கும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போனால் தேதி 2014-இல் நின்றது. தாய்ப்பலகையில் காசு அளவில் இருக்கும் சிறு பேட்டரி செத்துப் போயிருந்தது. கணினியின் கடிகாரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். கடைக்காரர், லெகசி என்ற பழைய தொடக்க முறையில் விண்டோஸைப் போட்டிருக்கிறார். மின்சாரமும் இல்லாமல் பேட்டரியும் செத்ததும், அமைப்புகள் முதல் நிலைக்கு, அதாவது யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறைக்குத் திரும்பிவிட்டன, அந்த முறை லெகசி டிஸ்க்கை அடையாளம் காணாது. கணினியைத் திறந்து எஸ்.எஸ்.டி. மாட்டியவர் அந்தச் சிறு பேட்டரியை மாற்றியிருந்தால் போதும். தம்பி மகன் அதை மாற்றி, பயாஸில் லெகசி முறையைத் திரும்ப வைத்தான், கணினி திறந்தது.

திறந்த பிறகு தெரிந்தவைதான் நெஞ்சை அடைத்தன. போட்டிருப்பது விண்டோஸ் 11. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். என்னுடையது நான்காம் தலைமுறை. சோதனைகளைத் தாண்டிக் குறுக்கு வழியில் போட்டிருக்கிறார். இப்படிப் போட்டால் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ரூ. 1,850 வாங்கிய "ஒரிஜினல் விண்டோஸ்" திரையின் வலது கீழ் மூலையில், உரிமம் இன்னும் செயல்படுத்தப்படவில்லை என்று சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறது. இதில் எதுவும் தேவையே இருந்திருக்கவில்லை. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீட்டித்துப் பெற வழி இருக்கிறது என்று தம்பி மகன் சொன்னான். கடையில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

"ஆச்சி பேக்கப்" கோப்புறையைத் திறந்தான். ஒவ்வொரு சின்னத்தின் இடது மூலையிலும் சிறிய வளைந்த அம்புக்குறி இருந்தது. "அயித்தை, இதெல்லாம் வெறும் ஷார்ட்கட்" என்றான், அதாவது கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறி மட்டும், கோப்பு அல்ல. ஒவ்வொன்றும் இரண்டு கே.பி. பழைய திரையில் இருந்த ஷார்ட்கட்டுகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, டிஸ்க்கின் டி டிரைவ் என்ற பகுதியில் இருந்த கணக்கையும் படங்களையும் அவர் தொடவே இல்லை. அதற்குத்தான் ரூ. 1,200.

இன்று மாலை இருவரும் கடைக்குப் போனோம். பழைய டிஸ்க்கைக் கொடுங்கள், அதிலிருந்து மீட்டுக்கொள்கிறோம் என்று கேட்டோம். ஃபார்மட் செய்திருந்தாலும் மேலே வேறு எதுவும் எழுதாதவரை மீட்க வாய்ப்பு உண்டு. "அது டெட் ஆச்சி, தூக்கிப் போட்டாச்சு" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். மஞ்சள் தாள் ஒட்டிய டிஸ்க் எங்கே என்றதற்கு, அதில் இப்போது வேறு ஒருவருடையது இருக்கிறது என்றார். கடைசியில், "பழைய மிஷினுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு, புதுசு வாங்கிக்குங்க, நம்மகிட்டயே இருக்கு" என்றார். ரூ. 6,850 வாங்கிய வாய் அதைச் சொன்னது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது முடியவில்லை. கடைக்குப் போகும் முன் உங்கள் சொந்த டிஸ்க்கில் நீங்களே நகல் எடுத்து, வேறு கணினியில் திறந்து பாருங்கள். கழற்றும் பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்குங்கள், "டெட்" என்றாலும் வாங்குங்கள். கடிகாரம் பின்னே போனால் முதலில் அந்தச் சிறு பேட்டரியைப் பாருங்கள். இரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் காலையில் பதிவு செய்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கலாம் என்று விசாரித்துவிட்டேன். ரூ. 4,850 அனுப்பிய சான்று கைப்பேசியில் இருக்கிறது. ரூ. 6,850 திரும்புகிறதோ இல்லையோ, அந்த டிஸ்க்கை எந்தக் குப்பையில் போட்டார் என்பதை அவர் வாயால் சொல்லும்வரை நான் அந்த ஆணையம் இருக்கும் சிவகங்கைக்கு நடந்துகொண்டே இருப்பேன்.