கோபியில் ஒரு பழைய பிளாக்கைத் தேடி

இந்தத் தடவை ஊரில் என்னை அதிகம் அலைய வைத்தது தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு மெழுகுக் கட்டி. 2021-ல் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த பிளாக் அது. நோய் திரும்பியிருக்குமோ என்று இப்போது ஒரு சந்தேகம். கோவை டாக்டர், "பழைய பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிட்டு வந்துருங்க, ஹெர்-2 டெஸ்ட்டை இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். புற்றுநோய் செல்லில் ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது; எந்த மருந்து கொடுப்பது என்பது அதைப் பொறுத்தது.

நான் இருக்கும் லண்டனில் நோயாளி இந்தப் பிளாக்கைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஒரு ஆஸ்பத்திரி கேட்டால் இன்னொன்று அனுப்பிவிடும். இங்கே மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு நாம்தான் போக வேண்டும். கோபிச்செட்டிப்பாளையத்தில் பிளாக் இருந்த லேபுக்குப் போனால் முதலில் டாக்டர் லெட்டர் கேட்டார்கள். லெட்டரோடு போனால் பழைய பில். நல்லவேளை, அத்தை ஒரு காகிதத்தையும் தூக்கிப் போடுகிறவரில்லை. பில்லை நீட்டினால், "ரெக்கார்டு பார்க்கிறவர் மத்தியானம் வருவாருங்க." வேகாத வெயிலில் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

வந்தவர் வயதான டெக்னீஷியன். பின்னறையைத் திறந்து ரெஜிஸ்டரை எடுத்தார். கைக்கு முதலில் கிடைத்தது 2020. மற்ற மாதங்களெல்லாம் பக்கம் பக்கமாக நிரம்பியிருக்க, ஏப்ரலும் மேயும் சேர்ந்து ஒரே பக்கத்தில் முடிந்திருந்தன. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்: "அப்ப யாருங்க சார் வந்தாங்க? பஸ் ஏது? அப்புறம் வந்த கட்டியெல்லாம் பெருசு பெருசா வந்துச்சுங்க."

அத்தை கட்டியைத் தொட்டுப் பார்த்தது அதே 2020 ஏப்ரலில்தான். நெல்லிக்காய் அளவு இருந்தது என்பார். பஸ் ஓடவில்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டிலேயே தடுத்தார்கள். பாஸ் எடுத்த பிறகு மாமாவுக்கு உடம்பு சரியில்லை, அடுத்து இரண்டாம் அலை. 2021 ஜூலையில் போய்க் காட்டியபோது கட்டி ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டி, அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. மூன்றாம் நிலை. ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுக்க வேண்டியதாயிற்று.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அத்தையைக் கேட்கிறார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. 2020 மார்ச் முதல் மே வரை இந்தியா முழுக்க 41 புற்றுநோய் மையங்களில் எடுத்த கணக்கில், புதிதாகப் பதிந்த நோயாளிகள் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 சதவீதம் குறைவு. பெரிய ஆபரேஷன்கள் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டன. நோய் குறைந்துவிடவில்லையே, வர வழியில்லாதவர்கள் வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கே கடிதம் போட்டு மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேவுக்கு, கூப்பிடும் இங்கிலாந்திலும் அந்தப் பரிசோதனை நின்றுபோனது. புற்றுநோய் சந்தேகம் என்று அவசரமாக ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பப்பட்டவர்கள் 2020 ஏப்ரலில் 60 சதவீதம் குறைந்தார்கள். அத்தனை வசதி இருக்கும் ஊரிலேயே இந்த நிலை என்றால், கோபிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அத்தை என்ன செய்திருக்க முடியும்?

சரி, பிளாக் கிடைத்தது. டெக்னீஷியன் அதைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தாரே, அதற்கு அவருக்குக் கோடி நன்றி.

அன்றைக்கு ராத்திரி பெரியப்பாவிடம் அந்த ரெஜிஸ்டர் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். இனிமேல் அந்தக் கேள்வியை அத்தையிடம் யாரும் கேட்கக் கூடாது என்றும் நேராகவே சொல்லிவிட்டேன்.