சளிக்கு ஆப்பிள் சைடரா, சுக்கு மல்லியா?

அக்டோபர் வந்தால் எங்கள் வீட்டுக்கு இரண்டு மூட்டை வரும். ஒன்று, தோட்டத்தில் நாங்களே பறித்த ஆப்பிள். மாசசூசெட்ஸில் இந்த மாதம் எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரு தோட்டம் எதிர்ப்படும், ஆசைக்குப் பறித்துவிட்டு வீட்டுக்கு வந்து முழிப்போம். இன்னொன்று, சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் சளி. முதல் மூட்டை காலியாவதற்குள் இரண்டாவது எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிடும். அதனால் மூன்று வருஷமாக அடுப்பில் ஒரு பக்கம் சைடர், மறுபக்கம் சுக்கு மல்லிக் காப்பி. எது கேட்கிறது, எதை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஓரளவு தெளிவு வந்திருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கிலாந்தில் சைடர் என்றால் போதை ஏறுகிற சமாச்சாரம். அமெரிக்காவில் வெறும் சைடர் என்றால் வடிகட்டித் தெளிய வைக்காத, புளிக்காத ஆப்பிள் சாறு, பார்க்கக் கலங்கலாகக் காப்பி நிறத்தில் இருக்கும். நான் சொல்வது இந்தச் சாறைத்தான்.

வீட்டில் இதற்கு இரண்டு வழி. அடுப்பு வழியில் ஆப்பிளை நறுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, பட்டையும் நாலு கிராம்பும் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் விட்டு, மசித்து வடிகட்ட வேண்டும். வீடே மணக்கும், உண்மைதான். ஆனால் குடித்துப் பார்த்தால் சாறு மாதிரி இருக்காது, நம் கணக்கில் அது ஆப்பிள் கசாயம். மிக்ஸி வழி வேறு: துண்டுகளைக் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். இரண்டு கிலோ பிழிந்தால் ஒரு லிட்டரைத் தொடும், கை வலி இலவசம். வெட்டின ஆப்பிள் காற்றுப் பட்டுக் கறுப்பதுபோலச் சாறும் நிறம் மாறும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், சைடரின் நிறமே அதுதான். ருசிக்கு மிக்ஸிதான், சந்தேகமே இல்லை. ஒரே வகைப் பழத்தில் செய்தால் சப்பென்று இருக்கும். இனிப்புக்குக் கேலா, புளிப்புக்கு மெக்கின்டாஷ் என்று கலந்தால்தான் நாக்கில் நிற்கும்.

மிக்ஸிச் சாறில் ஒரு ஆபத்து உண்டு. பச்சையாகக் குடிக்கக் கூடாது, முக்கியமாகக் குழந்தைகள். 1991இல் இதே மாசசூசெட்ஸில் சூடாக்காத சைடரால் ஈ.கோலை கிருமி பரவியது. 1996இல் மேற்குக் கரைப் பக்கம் பச்சை ஆப்பிள் சாறு குடித்த ஒரு குழந்தை இறந்தே போனது. அதற்கப்புறம்தான் சூடாக்காத சாறு பாட்டிலில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று 1998இல் விதி வந்தது. வீட்டில் 71 டிகிரி வரை சூடேற்றினால் போதும், கொதிக்க விட வேண்டியதில்லை, ஓரத்தில் ஆவி கிளம்பி நுரை கட்டும்போது வெப்பமானியை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தரையில் விழுந்த பழமும் அழுகின பழமும் வேண்டவே வேண்டாம், அழுகலில் உண்டாகும் பட்டுலின் என்ற நச்சு சூட்டுக்கும் அசையாது. நான் ஒரு தடவை சோம்பல்பட்டுச் சூடாக்காமல் மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு இரண்டு வாரம் மறந்துபோனேன். திறந்ததும் புஸ்ஸென்று கூரை வரை அடித்தது. பழத்தோலில் இருந்த ஈஸ்ட் தன் வேலையைக் காட்டியிருந்தது.

சரி, சளிக்கு வருவோம். சைடரில் சளியைத் தீர்க்கும் மருந்து எதுவும் கிடையாது. ஆனால் சூடாகக் குடித்தால் இதமாக இருக்கிறதே, அது வெறும் பிரமையா? 2008இல் வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேரிடம் பார்த்தார்கள், குடிக்கக் கொடுத்தது ஆப்பிளும் பிளாக்கரண்ட் என்ற புளிப்பான சின்னக் கறுப்புப் பழமும் சேர்ந்த பானம். அறைச் சூட்டில் குடித்தபோது மூக்கொழுகல், இருமல், தும்மலுக்குக் கொஞ்சம் ஆறுதல். அதையே சூடாகக் குடித்தபோது தொண்டை வலி, குளிர், அசதிக்கும் சேர்த்து ஆறுதல். ஆனால் மூக்கில் காற்றுப் போகிற அளவை அளந்தால் மாற்றமே இல்லை. அடைப்பு அப்படியே இருக்கிறது, நமக்குத்தான் தேவலை என்று தோன்றுகிறது. மூன்றாம் நாள் சளியில் அந்தத் தோன்றலுக்கே நான் காசு கொடுப்பேன்.

சுக்கு மல்லிக்கும் இதே சூடுதான் பாதி பலம். மீதி காரம். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் ஷோகாலாக மாறுகிறது, இது அதைவிடக் காரம், பச்சை இஞ்சி டீக்கும் சுக்குக்கும் தொண்டையில் தெரிகிற வித்தியாசம் அதுதான். ஒரு விரல் நீளச் சுக்கைத் தட்டி, இரண்டு ஸ்பூன் மல்லி, பத்து மிளகு, கருப்பட்டி, கால் மணி நேரக் கொதி, முடிந்தது. சைடருக்கு அரை நாள் போகும். ராத்திரி தொண்டை கரகரக்கும்போது எழுந்து யாரும் ஆப்பிள் பிழியப் போவதில்லை. பெரியவர்களுக்கு என் ஓட்டு சுக்குக்குத்தான். சின்னவளோ ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள். குடிக்காத கசாயத்துக்கு என்ன மதிப்பு? அவளுக்குச் சூடான சைடர், அதில் ஒரு ஸ்பூன் தேன்.

அந்தத் தேன்தான் இந்தக் கூட்டத்திலேயே கொஞ்சம் சான்றோடு நிற்கிறது. 2007இல் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், படுக்கப் போகுமுன் தேன் சாப்பிட்டவர்களுக்கு, எதுவும் சாப்பிடாதவர்களைவிட இருமல் குறைந்து தூக்கமும் வந்தது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் துளிகூடக் கூடாது, பாட்டுலிசம் என்ற விஷ நோய் வரலாம்.

ஆப்பிள் சைடர் வினிகர் பக்கம் எனக்கு ஈர்ப்பு இல்லை. சைடர் புளித்து மதுவாகி, அதையும் பாக்டீரியா புளிக்கவைத்தால் வினிகர், 5 சதவீதம் அமிலம். சளி வைரஸ் இருப்பது மூக்கிலும் தொண்டையிலும், வினிகர் போவது வயிற்றுக்கு, போகிற வழியில் பல் எனாமலை அரித்துவிட்டுப் போகும். அதில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய், ஹார்ஸ்ராடிஷ் கிழங்கு எல்லாம் ஒரு மாதம் ஊறப்போட்டால் ஃபயர் சைடர். அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்து, பொதுப்பெயர்தான் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. அடுத்த வீட்டம்மா ஒரு புட்டி கொடுத்தார், ஒரு ஸ்பூனிலேயே கண்ணில் தண்ணீர் வந்தது. இப்போது அது மீன் வறுவலுக்கு ஊற வைக்கப் போகிறது.

ஆவி பிடிப்பதைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்ளட்டும், பிள்ளையைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் உட்கார வைக்க எனக்குத் துணிவில்லை. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ இதில் எதுவும் வேண்டாம், டாக்டரிடம்தான்.

போன வாரம் அம்மா வீடியோ காலில் வந்தாள். "என்னடி, புள்ளைக்கு ஜூஸக் காய்ச்சியா குடுக்குற?" பாத்திரத்தைக் காட்டினேன். "சரி குடு, அதுலயே ஒரு துண்டு சுக்கத் தட்டிப் போட்டுடு, தெரியவா போகுது." போட்டேன். சின்னவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல ஆச்சி வாசனை வருது" என்றாள். ஆனால் குடித்துவிட்டாள்.