பினாங்கு ஈரத்தில் ஒரு பழைய ஹைட்ரோபிளேன்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மரத்தால் செய்த பழைய பந்தயப் படகை நம் ஊர் வெயிலிலும் மழையிலும் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். நல்ல கூரையும் காற்றோட்டமும் வேண்டும், மாதத்தில் ஒரு முறையாவது அதை ஓட்ட வேண்டும். கடல் தண்ணீர் படகைக் கெடுத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பட்டர்வொர்த்தில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஹைட்ரோபிளேன் என்னும் அதிவேகப் பந்தயப் படகு ஒன்றை வைத்திருக்கும் எனக்கு, கடலைவிட மழைத் தண்ணீர்தான் பெரிய எதிரி என்று நன்றாகத் தெரியும்.

முதலில் படகைப் பற்றி. ஏறக்குறைய பத்தரை அடி நீளம், பிளைவுட் உடல், பின்னால் மாட்டும் அவுட்போர்ட் இஞ்சின். யார் செய்தது என்று சொல்லும் தகடு எதுவும் இல்லை. பட்டர்வொர்த் விமானத் தளம் 1950களிலிருந்து 1988 வரை ஆஸ்திரேலிய விமானப் படையின் பொறுப்பில் இருந்தது நம் பக்கத்து மக்களுக்குத் தெரியும். அங்கே வேலை செய்த ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுச் சென்ற படகு இது என்றுதான் எனக்கு விற்ற பெரியவர் சொன்னார். பின் தளத்தின் ஒரு பகுதியில் பலகைக்குப் பதிலாக, பழைய விமான இறக்கைகளில் இருப்பதைப் போல டோப் என்னும் இறுக்கும் பூச்சு பூசிய துணி இழுத்துக் கட்டியிருக்கிறது. எடையைக் குறைக்க அந்தக் காலத்துப் பந்தயப் படகுகளில் இப்படிச் செய்வது உண்டு. அந்தத் துணியைப் பார்த்துதான் நான் படகை வாங்கினேன்.

இந்த வகைப் படகின் வேலையைப் புரிந்துகொண்டால்தான் பராமரிப்பும் புரியும். முன்பக்கம் இரண்டு புறமும் ஸ்பான்சன் என்னும் மிதவைகள் இருக்கும். வேகம் கூடியதும் உடல் தண்ணீரை விட்டு எழும்பி, இரண்டு ஸ்பான்சன்களின் பின் நுனியும் புரொப்பெல்லரும் மட்டும் தண்ணீரைத் தொடும். நடுவில் ஓடுவது காற்று. 1930களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வெண்ட்னர் பட்டறையின் அடோல்ப் ஏப்பல் இந்த மூன்று புள்ளி அமைப்பை வளர்த்தெடுத்தார். 1950 ஜூன் 26 அன்று சியாட்டலின் வாஷிங்டன் ஏரியில் ‘ஸ்லோ-மோ-ஷன் IV’ என்னும் படகு மணிக்கு 160.3 மைல் வேகத்தைத் தொட்டபோது, புரொப்பெல்லரின் பாதி தண்ணீருக்கு மேலே சுழன்றாலும் படகு ஓடும் என்பதை உலகம் முழுவதும் பார்த்தது. என் படகு அதற்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் அடிப்படை ஒன்றே.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம், அடிப்பலகை நேராக இருக்க வேண்டும் என்பது. சாதாரணப் படகில் சிறிய வளைவு யாருக்கும் தெரியாது. இதில் தெரியும். தண்ணீரைத் தொடும் பகுதி உள்ளே குழிந்தால் மூக்கு கீழே அழுந்தி வேகம் போய்விடும். வெளியே புடைத்தால் மூக்கு மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் அதிகமானால் அடியில் காற்று புகுந்து படகைத் தூக்கிக் கவிழ்த்துவிடும். குழிவும் புடைப்பும் பெரும்பாலும் ஓட்டும்போது வருவதில்லை, நிறுத்தி வைக்கும்போதுதான் வருகின்றன. டிரெய்லரில் இரண்டு குறுக்குக் கட்டைகள் மேல் மாதக்கணக்கில் கிடந்தால் 6 மில்லிமீட்டர் பிளைவுட் அந்த இடத்தில் அமுங்கிவிடும். அதனால் என் டிரெய்லரில் நீளவாக்கில் கம்பளம் சுற்றிய பலகைகள் போட்டு, உள்ளே சட்டங்கள் இருக்கும் இடத்துக்கு நேராக எடை விழும்படி வைத்திருக்கிறேன். நேரான அலுமினியக் கம்பியை அடியில் வைத்து, இடுக்கு வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று அவ்வப்போது பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலைதான்.

சரி, ஈரத்துக்கு வருவோம். மரத்தை உளுத்துப்போக வைக்கும் பூஞ்சைக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், உப்பு பிடிக்காது. பழைய மரக்கப்பல்களில் சட்டங்களுக்கு நடுவே கல்லுப்பைக் கொட்டி வைத்ததற்கும் காரணம் அதுதான். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை தலையெடுக்காது. நம் ஊர்க் காற்றில் நிழலில் கிடக்கும் மரம் தானாகவே 15, 16 விழுக்காடு வரை ஈரத்தை வைத்துக்கொள்ளும். அதாவது நமக்கும் ஆபத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஓர் இரவு மழை ஒழுகி ஸ்பான்சனுக்குள் ஒரு கோப்பை தண்ணீர் தேங்கினால் போதும், கணக்கு மாறிவிடும். ஸ்பான்சன் ஒரு மூடிய பெட்டி. உள்ளே போன ஈரம் வெளியே வர வழி கிடையாது. அதனால் இரண்டிலும் கை நுழையும் அளவுக்கு மூடி வைத்திருக்கிறேன். கரையில் இருக்கும்போது அவை எப்போதும் திறந்தே இருக்கும், வடிகால் அடைப்புகளும் கழற்றியே இருக்கும். படகின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி டிரெய்லரை நிறுத்துவேன்.

பிளாஸ்டிக் கன்வஸால் இறுக்கி மூடி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. பகலில் அதன் அடியில் சூடு ஏறும், இரவில் உள்ளேயே வியர்த்துச் சொட்டும். மூடவே மூடாமல் கார் நிறுத்தும் கூரையின் கீழ் நாலு பக்கமும் காற்று போகும்படி வைப்பது அதைவிட எவ்வளவோ மேல். ஈரப்பதம் பார்க்கும் ஊசிக் கருவி ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவியே போதும். சந்தேகப்படும் இடத்தில் குத்திப் பார்த்து, பழைய அளவோடு ஒப்பிட்டால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கறையானுக்கும் பூஞ்சைக்கும் சேர்த்து, வண்ணம் பூசாத உள்பக்க மரத்தில் போராக்ஸ் கரைசலைத் தடவுகிறேன். மழையில் கரைந்துபோகும் பொருள் அது. உள்பக்கத்துக்கு மட்டும்தான் சரிப்படும்.

உப்பு மரத்துக்கு நல்லது என்பதால் இரும்புக்கும் பித்தளைக்கும் நல்லதாகிவிடாது. என் படகில் முதலில் இருந்தவை பித்தளைத் திருகுகள். கடல்நீர் பட்டுப்பட்டு பித்தளையிலிருந்து துத்தநாகம் போய், மிச்சம் இருக்கும் செம்பு இளஞ்சிவப்பாக, பிஸ்கட்போல நொறுங்கும். தலை பார்க்கப் பளபளப்பாக இருக்கும், திருப்பினால் கையோடு வந்துவிடும். தண்ணீர் படும் இடங்களில் எல்லாவற்றையும் சிலிக்கான் வெண்கலத் திருகுகளாக மாற்றினேன். விலை அதிகம். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பசை இன்னொரு பெரிய விஷயம். அந்தக் காலத்து யூரியா பசை சூட்டிலும் ஈரத்திலும் மெல்ல மெல்லப் பொடியாகும். குளிர் நாட்டில் அரை நூற்றாண்டு தாங்கிய மூட்டு இங்கே அவ்வளவு தாங்காது. கருஞ்சிவப்பாகக் கோடு தெரியும் ரிசார்சினால் பசை இருந்தால் அதிர்ஷ்டம், அதைத் தொடாதீர்கள். நான் பழுதுக்குப் பயன்படுத்துவது எப்பாக்ஸி. நம் ஈரக் காற்றில் எப்பாக்ஸி காயும்போது மேலே மெழுகுபோல ஒரு படலம் படியும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் அடுத்த பூச்சு பூசினால் ஒட்டாது. அதோடு, எப்பாக்ஸி சூட்டில் இளகும். கரும்பச்சை, கருநீலம் பூசிய தளம் நண்பகல் வெயிலில் எவ்வளவு சுடும் என்று கை வைத்துப் பார்த்தாலே தெரியும். என் படகின் பக்கங்களில் பழைய அடர்சிவப்பை அப்படியே வைத்துக்கொண்டேன். மேல்தளத்தை மட்டும் கிரீம் நிறமாக்கினேன். அசல் நிறத்தைவிட அசல் மரம் பிழைப்பது முக்கியம்.

முழு உடலுக்கும் பைபர்கிளாஸ் போர்த்திவிடச் சொல்பவர்கள் இங்கே நிறைய. மீன்பிடிப் படகுக்கு அது சரிதான். பந்தயப் படகில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அதைவிட முக்கியம், ஒரு சிறு கீறல் வழியாக உள்ளே போன தண்ணீர் திரும்பி வராது. வெளியே அழகாக இருக்கும், உள்ளே மரம் கஞ்சியாகிவிடும்.

மரத்தச்சரான என் சித்தப்பாதான் பலகை வேலைகளைச் செய்து கொடுத்தார். மலேசியப் படகு மரம் என்றால் எல்லோருக்கும் செங்கால் நினைவுக்கு வரும். உறுதியில் அதற்கு இணை இல்லை, ஆனால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் போகும். இந்தப் படகின் சட்டங்கள் ஸ்புரூஸ். செங்காலின் எடையில் பாதிகூட வராது. அடிப்பலகைக்கு பிஎஸ் 1088 என்னும் கடல் பிளைவுட் தரத்தில் மெராந்தி பிளைவுட் வாங்கினோம். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, பலகைத் தடிமனைப்போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி, பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டினார். முழுப் பலகையையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். “நல்லா இருக்கிறதை எதுக்குடா வெட்டணும்? இன்னும் பத்து வருஷம் அது பாட்டுக்கு இருக்கும்” என்றார். அன்று அவர் விட்டுவைத்த பலகை இன்றும் உறுதியாக இருக்கிறது.

இஞ்சின் 1950களின் மெர்க்குரி மார்க் 20எச். இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், ஏறக்குறைய 325 சிசி. அடியில் பந்தயத்துக்கான குவிக்சில்வர் என்னும் கியர்ப் பகுதி. அதில் நியூட்ரல் கிடையாது. கயிற்றை இழுத்து இஞ்சின் பிடித்த நொடியே படகு கிளம்பிவிடும். அதனால் தனியாக இறக்கவே முடியாது. ஓட்டுபவர் மண்டியிட்டு உட்கார்ந்து, இடது கையில் திராட்டில் பிடியை அழுத்துவார். கையை விட்டால் வேகம் தானாகக் குறையும்.

இன்றைய இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் போதும். இதற்கு நான் 20 பங்குக்கு ஒன்று கலக்கிறேன், அதுவும் ஆமணக்கு எண்ணெய் அடிப்படையிலான பந்தய எண்ணெய். கரைக்கு வந்ததும் அந்த வாசனைக்காகவே இளைஞர்கள் கூடிவிடுவார்கள். ஆனால் அதை உள்ளேயே விட்டுவிட்டால் பிசினாக இறுகிவிடும். ஓடி முடித்த அன்றே கார்புரேட்டரைக் கழற்றி அலச வேண்டும், சிலிண்டருக்குள் சாதாரண எண்ணெய் தெளிக்க வேண்டும். குளிரூட்டும் வழியில் நல்ல தண்ணீர் விட்டு உப்பையும் கழுவ வேண்டும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பழைய மேக்னெட்டோ சுருள்களை ஈரம் உடனே பிடித்துக்கொள்ளும். கேமரா வைத்திருப்பவர்கள் அலமாரிக்குள் சின்ன குண்டு பல்ப் எரியவிடுவார்களே, அதே முறையில்தான் என் இஞ்சினின் மேல்பகுதி இருக்கிறது. அதற்குப் பிறகு தீப்பொறித் தொல்லை குறைந்துவிட்டது. உதிரிப் பாகங்களுக்கு அமெரிக்காவில் இருக்கும் பழைய அவுட்போர்ட் ஆர்வலர்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பாகத்தின் விலையைவிடத் தபால் செலவு அதிகம்.

ஓட்டுவதற்குத் தண்ணீர் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்றில்லை, சிறு சிலிர்ப்பு இருந்தால் நல்லதுகூட. ஆனால் அலை கூடாது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே பெர்ரியும் இழுவைப் படகுகளும் கிளப்பும் அலைகள் அடங்கவே அடங்காது. அங்கே நான் இறக்குவதில்லை. வடக்கே சுங்கை மூடா பக்கம், ஏற்றம் முடிந்து தண்ணீர் நிற்கும் நேரத்தில், விடிந்த கையோடு. அந்த நேரத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா காற்று என்னும் திடீர்ப் புயல்காற்று வருவதும் பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான். மேற்கே கருத்த கோடு தெரிந்தால் அன்று படகு டிரெய்லரிலேயே இருக்கும். முந்தைய நாள் பெருமழை என்றாலும் அப்படியே, ஆறு கொண்டுவரும் மரக்கட்டையும் தேங்காயும் கண்ணுக்குத் தெரியாது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் எனக்குப் பொற்காலம். கூடவே ஒரு மீனவப் பெரியவர் தன் படகில் காவலுக்கு நிற்பார். எங்கே வலை கிடக்கிறது என்பதும் அந்தப் பாக் சிக்குக்குத்தான் தெரியும். தலைக்கவசமும் கழுத்துப் பட்டை உயர்ந்த மிதவைச் சட்டையும் இல்லாமல் ஒரு முறைகூட ஏறாதீர்கள். உங்கள் இடத்தின் விதிகளைக் கடல்துறை இலாகாவில் கேட்டுவிட்டே இறக்குங்கள்.

இவ்வளவு அரிய பொருளை ஓட்டலாமா, பேசாமல் காட்சிக்கு வைக்கலாமா என்ற கேள்வி உலகமெங்கும் உண்டு. கென் வார்பி தன் சிட்னி வீட்டுக் கொல்லையில் மரத்தாலும் பிளைவுட்டாலும் கட்டிய ஸ்பிரிட் ஆப் ஆஸ்திரேலியா, 1978 அக்டோபர் 8 அன்று மணிக்கு 511 கிலோமீட்டர் ஓடியது. தண்ணீரில் அந்த உலக வேகச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. அந்தப் படகு சிட்னி கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அங்கே இருப்பதுதான் நியாயம். பிரிட்டிஷ் வேக வீரர் டொனால்ட் கேம்பெல் 1967இல் ஓட்டும்போது உயிரிழந்த புளூபேர்ட் கே7 படகு, 2001இல் இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியிலிருந்து எடுக்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டு, 2018இல் ஸ்காட்லாந்தில் மறுபடியும் தண்ணீரில் ஓடியது. அதன் பிறகு அதை ஓட்டுவதா வைப்பதா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 2024இல்தான் கோனிஸ்டன் அருங்காட்சியகத்துக்கு வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் கென்ட் நகரில் இருக்கும் ஹைட்ரோபிளேன் அருங்காட்சியகம், பழைய படகுகளைச் சீரமைத்து ஓட்டியும் காட்டுகிறது. எனக்குப் பிடித்த வழி அதுதான். உலகில் ஒன்றே ஒன்று என்றால் வைத்துவிடுங்கள். என் படகு போன்றவை பல ஆயிரம் கட்டப்பட்டவை. ஓடாத படகை யாரும் திறந்து பார்ப்பதில்லை, திறந்து பார்க்காத படகுதான் உள்ளுக்குள் கெடுகிறது. ஓட்டினால் ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து, மூடி திறந்து, கையை விட்டுத் தடவிப் பார்க்கிறோம்.

இப்படி ஒன்றை வாங்க நினைப்பவர்கள் இஞ்சினை விட்டுவிட்டு முதலில் ஸ்பான்சன்களைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்ல மரம், மொத்தென்றால் உள்ளே ஈரம். பிறகு பின்பலகையின் அடி ஓரத்தைக் கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள், இஞ்சினின் முழு இழுப்பும் அங்கேதான் விழுகிறது. இரண்டும் சரியாக இருந்தால் வண்ணம் எப்படி இருந்தாலும் வாங்கலாம். இஞ்சின் இறுகிக் கிடந்தால்கூடப் பரவாயில்லை, அதற்கு வழி உண்டு. கூரையில்லாத வீடு என்றால் மட்டும் கூரை போடும்வரை பொறுங்கள்.