குடியாத்தம் போய்ட்டு வந்தேன்: க்யூஆர் யார் பேர்ல இருக்கு?

மொதல்ல நல்லத சொல்லிடறேன், இல்லாட்டி வெளிநாட்டுல இருந்து வந்து எறங்கினதுமே ஊரை கொற சொல்ல ஆரம்பிச்சுட்டான்னு திட்டுவீங்க. நான் இருக்கறது ஜெர்மனில, ஸ்டுட்கார்ட் பக்கம். அங்க எங்க தெரு பேக்கரில இன்னிக்கும் காசு தான், பக்கத்து துருக்கி கடைல பத்து யூரோவுக்கு மேல வாங்கினா தான் கார்டு மிஷினையே வெளிய எடுப்பாங்க. காட்பாடில ரயில விட்டு எறங்கி ஒரு டீ, ரெண்டு போண்டா சாப்டோம், தம்பி ஃபோன நீட்டினான், பொட்டி தமிழ்ல தொகைய கத்துச்சு, அவ்ளோ தான். இதுல ஒரு விஷயம் இருக்கு, பேங்க் கணக்குல இருந்து யூபிஐல போற பணத்துக்கு 2020 ஜனவரில இருந்து கடைக்காரர்கிட்ட கமிஷன் பிடிக்கறதில்ல, ஜெர்மனில கார்டு தேய்ச்சா கடைக்காரர் பங்குல இருந்து கொஞ்சம் போயிடும், அதான் அவர் மொகம் சுளிக்கறாரு. அந்த கத்தற பொட்டிக்கு மட்டும் மாசா மாசம் வாடகை பிடிக்கறாங்கன்னு டீக்கடைக்காரர் அலுத்துக்கினார், அது வேற கதை.

நெலம் விஷயமும் அப்படித்தான். பேரணாம்பட்டு ரோட்டு பக்கம் எங்களுக்கு கொஞ்சம் பூமி இருக்கு. பட்டா, சிட்டான்னா எங்க அப்பா காலத்துல ஒரு நாள் வேலை கெட்டுது, பஸ் செலவு, டீ செலவு, அதுக்கு மேல என்னென்ன செலவுன்னு உங்களுக்கே தெரியும். இப்ப 'எங்கிருந்தும் எந்நேரமும்' சைட்ல சர்வே நம்பர போட்டா வீட்டு திண்ணைல ஒக்காந்தே பாத்துக்கலாம், வில்லங்கமும் பதிவுத்துறை சைட்ல வந்துடுது. நான் ஸ்டுட்கார்ட்ல ட்ராம்ல போய்க்கினே பாத்திருக்கேன். ஆனா அதுல அப்பா இனிஷியல் தப்பா ஏறி கெடக்குது பாருங்க, அத மாத்தணும்னா மட்டும் பழைய கத தான், மனு, ஜெராக்ஸ், 'சார் லீவு, திங்கக்கெழம வாங்க'. பாக்கறதுக்கு ஒரு நிமிஷம், ஒரு எழுத்த மாத்தறதுக்கு எத்தன நட வேணும்னு நான் கெளம்பற வரைக்கும் முடிவாகல.

சரி, ஓடிபிக்கு வரேன். வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு ஊர்ல உயிர் இருக்கறது பழைய சிம்ல தான். என் சிம் அம்மாவோட பழைய பட்டன் ஃபோன்ல தூங்கினு கீது. தொண்ணூறு நாள் ஒண்ணுமே பண்ணாம விட்டா கம்பெனிக்காரன் நம்பர கட் பண்ணலாம், அப்புறம் அதே நம்பர் வேற யாருக்காவது போவும், உங்க பேங்க் ஓடிபி ஆரணில எவனோ ஒருத்தனுக்கு டிங்குன்னு அடிக்கும். அதனால தம்பி தவறாம ரீசார்ஜ் போடுவான். அங்க நான் ஏதாவது பேங்க் வேலை செய்யணும்னா இங்க அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல கூப்பிட்டு, "அம்மா ஆறு நம்பர் வந்துருக்கும், சொல்லு"ன்னு கேப்பேன், அவங்க கண்ணாடிய தேடி எடுத்து ஒவ்வொண்ணா படிக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சுடும், மறுபடி. கொஞ்ச நாள் முன்னாடி யாருக்காவது ஃபோன் போட்டா ரிங் போறதுக்கு முன்னாடி ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு ஒரு குரல் சொல்லிக்கினு இருந்துதே, எங்க வீட்ல ஓடிபி கண்டம் விட்டு கண்டம் சத்தமா தான் போவுது.

என்ஆர்ஐ கணக்க, அதான் வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்க பேங்க் கணக்க, வெளிநாட்டு நம்பர் வச்சே யூபிஐல சேக்கலாம்னு 2023ல ஒரு வழி திறந்தாங்க, சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, துபாய் பக்கம்னு மொதல்ல பத்து நாடு. அந்த பத்துல ஜெர்மனி இல்ல. என்ன பண்றது.

அந்த நம்பர் பேங்குக்கு மட்டும் தான் வேணும்னு நெனச்சா அதுவும் இல்ல. வேலூர்ல ஒரு துணிக்கடைல அம்மாவுக்கு ரெண்டு பொடவ எடுத்தேன், காசு கைல ரெடியா வச்சிருக்கேன், பில் போடற பொண்ணு "ஃபோன் நம்பர் சொல்லுங்க சார்"ன்னுச்சு. எதுக்கும்மா, காசு தானே குடுக்கறேன்னேன். "நம்பர் இல்லாம பில் வராது சார்". நான் குடுக்க மாட்டேன்னு நின்னேன், பின்னாடி வரிசைல ஒருத்தர் உச் கொட்டினார், அந்த பொண்ணு என்ன ஒரு பார்வை பாத்துட்டு ஒம்போத பத்து வாட்டி டொக்கு டொக்குன்னு தட்டுச்சு, பில் வந்துடுச்சு. அந்த கடை கம்ப்யூட்டர்ல அந்த நம்பர்காரர் தான் வேலூர்லயே பெரிய பணக்காரரா இருப்பாரு. மருந்துக்கடைலயும் நம்பர், ஜூஸ் கடைலயும் நம்பர். தனிநபர் தரவு பாதுகாப்புக்கு 2023ல சட்டம் போட்டுட்டாங்க, ஆனா பில் கவுன்டர் வரைக்கும் அது இன்னும் நடந்து வந்து சேரல. ஜெர்மனில பில் போடும்போது ஒருத்தன் நம்பர் கேட்டா சண்டையே வந்துடும், அங்க எல்லாத்துக்கும் தபால்ல லெட்டர் வரும், அதுவும் ஒரு தலவலி தான்னு வைங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். எங்க தெரு முனைல ஒரு பூக்காரம்மா, நான் ஸ்கூல் போற காலத்துல இருந்தே அங்க தான் ஒக்காந்துக்கினு இருக்காங்க. மல்லி ஒரு மொழம் வாங்கினேன். கூடை வெளிம்புல க்யூஆர் அட்டைய நூல் போட்டு கட்டி, தண்ணி தெளிச்சா நனையாம இருக்க மேல பால் கவர வெட்டி சுத்தி வச்சிருக்காங்க. ஸ்கேன் பண்ணினேன், ஃபோன்ல ஒரு ஆம்பள பேரு வந்துது. "யாரும்மா இது?"ன்னேன். "பையன் தான் நைனா. எனக்கு எங்க அந்த ஃபோனு". "அப்ப காசு அவன் கணக்குக்கா போவுது?" "ஆமா". "சாயங்காலம் குடுத்துடுவானா?" மொழம் போட்டுக்கினே சொன்னாங்க, "குடுப்பான். கேக்கணும்ல."

அந்த 'கேக்கணும்ல' ரெண்டு நாளா காதுலயே இருந்துது. காலைல பூ மண்டில சரக்கு எடுக்க காசு தான் வேணும், அத பையன்கிட்ட கேட்டு வாங்கணும், அவன் தூங்கினு இருப்பான், இல்ல பெட்ரோல் போட்டுட்டேம்பான். காலேஜ் பசங்க யாரும் கைல காசு வச்சிக்கறது இல்ல, க்யூஆர் இல்லன்னா அடுத்த கூடைக்கு போயிடுவாங்க, அதனால அட்டைய எடுக்கவும் முடியாது. வித்த காசு முந்தில இருந்த வரைக்கும் அது அவங்க காசு. இப்ப விக்கறது அவங்க, காசு பையனோடது. நமக்கு டீக்கடைல சில்லறை தேடற வேலை மிச்சம், அந்த மிச்சத்துக்கு யார் வெல குடுத்தாங்கன்னு பாத்தா இப்படித்தான் இருக்குது.

வீட்ல அம்மாகிட்ட இத சொன்னா அவங்க சிரிக்கறாங்க. சிறுவாடு சேத்த தலமொற அவங்க. அரிசி பானை அடில, பீரோல பட்டுப்பொடவ மடிப்புல, சாமி படத்துக்கு பின்னாடி. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாதுன்னு டிவில சொன்னதும் நம்ம தெருல எத்தன வீட்ல பொம்பளைங்க முழிச்சாங்கன்னு கேளுங்க, எங்க அப்பா அன்னிக்கு தான் எங்க வீட்ல இவ்ளோ பணம் இருக்குதான்னு மொத மொறையா தெரிஞ்சுக்கினார். இப்ப அம்மாவுக்கு பென்ஷன் பேங்க்ல விழுது, எஸ்எம்எஸ் தம்பி ஃபோனுக்கு. அவன் தங்கமான பையன், ஒரு வார்த்தை கேக்க மாட்டான், ஆனா அம்மா சித்திக்கு ஐநூறு குடுத்தா அவனுக்கு தெரியும், அவனுக்கு தெரியும்னு அம்மாவுக்கும் தெரியும்.

இதுக்கு நேர் எதிரா எங்க அத்த பொண்ணு. ஜாக்கெட் தைக்கறா, குடியாத்தத்துல தையல் நல்லா ஓடுது. ஃபோனும் அவளுது, கணக்கும் அவளுது, பின் நம்பர் யாருக்கும் தெரியாது. "மாமா, பானைல வச்சா மாமியார் எடுப்பாங்க, இதுல யாரு கைய வுடறது?"ன்னா. இவளுக்கு ஃபோன் தான் சிறுவாட்டு பானை. அதனால டெக்னாலஜி நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் போடறவங்கள பாத்தா எனக்கு சலிப்பா இருக்குது, ஒரே தெருல ஒரே க்யூஆர், ஒருத்திக்கு காசு வந்துது, ஒருத்திக்கு காசு போச்சு, வித்தியாசம் ஃபோன் யார் கைல இருக்குதுங்கறது மட்டும் தான். பட்டன் ஃபோன்லயே யூபிஐ பண்ண 123பேன்னு ஒண்ணு 2022லயே வந்துது, நான் கேட்ட கடைங்கள்ல ஒருத்தர் கூட கேள்விப்பட்டதில்ல.

கைரேகை விஷயமும் இதே ஜாதி தான். அத்த முப்பது வருஷத்துக்கு மேல பீடி சுத்தினவங்க, வெரல்ல ரேகையே தேய்ஞ்சு போச்சு. ரேஷன்ல மிஷின்ல வெரல வச்சா செவப்பு லைட்டு. மறுபடி தொடச்சு வச்சாலும் செவப்பு. கார்டுல பேரு இருக்கற வேற யாராவது வரணும், அத்த பொண்ணு தையல் மிஷின விட்டு எழுந்து போவணும், அன்னிக்கு ரெண்டு ஜாக்கெட் போச்சு. உழைச்ச கைய தான் மிஷினுக்கு தெரிய மாட்டேங்குது.

கரண்ட் பில்லு ஃபோன்ல கட்டறது சௌகரியம் தான், ரெண்டு மாசத்துக்கு ஒரு வாட்டி கவுன்டர்ல நிக்க வேணாம். ஆனா அதே ஃபோன்ல 'இன்னிக்கு ராத்திரி உங்க இணைப்பு துண்டிக்கப்படும், இந்த நம்பருக்கு கூப்பிடுங்க'ன்னு மோசடி மெசேஜும் வருது. கூப்பிட்டா ஒரு ஆப்ப போட சொல்லி ஃபோன அப்படியே அவன் கைக்கு எடுத்துக்குவான். எதிர் வீட்டு ரிட்டயர்ட் வாத்தியார் பயந்து ஓடி வந்தார், தம்பி தான் அந்த நம்பர பிளாக் பண்ணி குடுத்தான். பணம் போயிருந்தா ஒடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிக்கணும், நேரம் ஆக ஆக மீட்கறது கஷ்டம், இத உங்க வீட்டு பெரியவங்க ஃபோன் கவர் பின்னாடி எழுதி ஒட்டுங்க.

ஊர்ல எல்லாமே ஃபோன் இல்லாம முடியாதுன்னும் சொல்ல முடியாது. வேலூர் சிஎம்சில அம்மாவ கண்ணு காட்ட கூட்டினு போனேன். 1900ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, வங்காளத்துல இருந்து ரயில் ரயிலா ஜனம் வருது, காந்தி ரோட்டுல லாட்ஜ் போர்டு பாதி பெங்காலில தான் இருக்கும். அங்க ஒரு கார்டு குடுக்கறாங்க, கவுன்டர்ல காச கட்டி அதுல ஏத்திக்கலாம், அப்புறம் டெஸ்ட்டு, மருந்துன்னு எங்க போனாலும் கார்டு தான். தமிழும் தெரியாம இங்கிலீஷும் தெரியாம ஒரு பாட்டி அத கழுத்துல மாட்டினு தனியா சுத்தினு இருந்தாங்க. ஓடிபி கேக்கல, பையன கேக்கல. இதுவும் கம்ப்யூட்டர் தானே.

ஆட்டோ ஆப் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. ஆப்ல 140ன்னு காட்டும், டிரைவர் ஃபோன் பண்ணி "எங்க போவணும்ணா? கேஷா?"ன்னுவார், "200 குடுங்க, ஆப்ப கேன்சல் பண்ணிடுங்க"ன்னுவார். அவரயும் குத்தம் சொல்ல முடியல, அந்த ரேட்டுக்கு கட்டுப்படியாவாதுன்னு கணக்கு போட்டு காட்டினார்.

சிரசு அன்னிக்கு தான் பெரிய கூத்து. வைகாசி ஒண்ணாந்தேதி கோபாலபுரம் கெங்கையம்மன் கோயில் சிரசு திருவிழா, தெரியாதவங்களுக்கு சொல்றேன், குடியாத்தமே தெருல தான் நிக்கும், எங்கெங்கயோ இருந்து ஜனம் வந்து எறங்கும். அவ்ளோ கூட்டத்துல டவர் படுத்துக்கிச்சு. கரும்பு ஜூஸ் கடைல எனக்கு முன்னாடி ஒரு பையன், ஃபோன்ல வட்டம் சுத்தினே கீது, கடைசில அவன் கணக்குல பணம் போச்சு, கடைக்காரர் பொட்டி கத்தல. "போச்சு பாருண்ணா"ன்னு அவன் காட்டறான், "எனக்கு சத்தம் வரலியே"ன்னு இவர் நிக்கறார். ரிசர்வ் பேங்க் 2019லயே விதி போட்டிருக்கு, இப்படி நடுவுல நின்ன பணம் அஞ்சு நாளுக்குள்ள திரும்பி வரணும், தாண்டினா நாளுக்கு நூறு ரூபா பேங்க் குடுக்கணும். வெயில்ல ஜூஸ் பிழியறவர்கிட்ட போய் அந்த சுற்றறிக்கைய படிச்சா காட்ட முடியும்? கடைசில அவர் ஒரு அட்டைய கிழிச்சு 'பணம் மட்டும்'னு எழுதி வண்டில சொருகிட்டார். அன்னிக்கு அந்த ரோட்டுல நல்லா வித்தவங்க யாருன்னா டப்பால சில்லறை வச்சிருந்த வயசான பொம்பளைங்க தான். நம்ம பூக்காரம்மாவும் அதுல ஒருத்தங்க, அட்டைய கூடைக்குள்ள திருப்பி போட்டுட்டு "காசு தான் நைனா இன்னிக்கு"ன்னு கூவிக்கினு இருந்தாங்க.

அடுத்து போறவங்களுக்கு ரெண்டு விஷயம். சிம் உயிரோட இருக்கான்னு கெளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஊர்ல யாரயாவது ஒரு கால் பண்ணி பாக்க சொல்லுங்க. யூபிஐ ஆப்ப புதுசா போடும்போது அந்த சிம் அதே ஃபோன்ல இருக்கணும், அதுல இருந்து எஸ்எம்எஸ் போவும், அதனால அந்த சிம்முல பத்து இருபது ரூபா பேலன்ஸ் இருக்கட்டும். ஏடிஎம்ல பெரும்பாலும் 500 தான் வருது, வந்தன்னிக்கே பெட்ரோல் பங்க்ல ஒண்ண மாத்தி பத்தும் இருபதுமா வச்சுக்கோங்க, பூ வாங்க ஆவும்.