குளியலறை டைல்ஸுக்கு 64,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம்: எல்லை தாண்டி வாங்குவோர் கவனத்திற்கு

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே நாங்கள் கட்டிவரும் வீட்டின் மூன்று குளியலறைகளுக்காக, பொள்ளாச்சிப் பக்கம் உள்ள ஒரு பெரிய டைல்ஸ் காட்சிக்கூடத்தில் 64,800 ரூபாய் செலுத்தினோம். இன்று அந்தப் பணத்திற்கு ஈடாக எங்களிடம் இருப்பவை, பாதி ஒட்டிய சுவரும் திண்ணையில் அடுக்கிக் கிடக்கும் பயன்படாத பெட்டிகளும்தான். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நிறத்தை நாங்கள் அவசரமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். கறுப்பு, அடர்நீலம் போன்ற பளபளப்பான டைல்ஸில் அந்த நீர் பட்டுக் காய்ந்தால் வெள்ளைப் படிவு அப்படியே தெரியும் என்பதை உறவினர் வீடுகளில் பார்த்திருக்கிறோம். அதனால் சுவருக்கு 2×1 அடியில் இளஞ்சாம்பல் நிறத்தில் பளபளப்பில்லாத மேட் டைல்ஸும், எழுபது வயதைக் கடந்த அம்மாவை மனத்தில் கொண்டு, தரைக்கு 1×1 அடியில் சொரசொரப்பான ஆன்டி-ஸ்கிட் டைல்ஸும் கேட்டோம். வழவழப்பான மேட் வேறு, ஈரத்தில் வழுக்காத ஆன்டி-ஸ்கிட் வேறு என்பதைக் கடைக்காரரே எங்களுக்கு விளக்கினார். அவ்வளவு தெளிவாகப் பேசியவர் மீது யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

கையிருப்பில் பாதிதான் இருக்கிறது, மீதி குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வந்துகொண்டிருக்கிறது என்றார். வெவ்வேறு சூளை ஓட்டத்தில் சுட்ட டைல்ஸில் நிறம் சற்று மாறும் என்பதால், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்குமா என்று என் மனைவி குறிப்பாகக் கேட்டார். "நம்ம ஆளுங்களுக்குத் தப்பான சரக்குக் குடுப்பனுங்களா அக்கா? ஒரே பேட்ச்தானுங்க, உங்க பேருலயே எடுத்து வெச்சர்றேன். முழுப் பணத்தையும் கட்டிட்டீங்கன்னா வேற யாருக்கும் போகாது" என்றார். கேரளத்தில் இருந்து வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் காப்பி வரவழைத்து, எங்கள் ஊர்க் கோயில் திருவிழா வரை விசாரித்த மனிதர் அவர். அந்தச் சொல்லை நம்பித்தான் 64,800 ரூபாயையும் அன்றே கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்து, ஜிஎஸ்டி பில் இரண்டாவது லோடோடு வரும் என்றார்.

முதல் லோடு சரியாகவே இருந்தது. மேஸ்திரி ஒரு குளியலறையை முடித்து அடுத்ததன் பாதிச் சுவர் வரை ஒட்டினார். பிறகு வந்த பெட்டிகளில் ஷேடு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டிருந்தது. ஒன்றைப் பிரித்து, ஒட்டிய சுவரின் அருகே ஜன்னல் வெளிச்சத்தில் மேஸ்திரி பிடித்துக் காட்டியபோது, பழையது நீலம் கலந்த சாம்பலாகவும் புதியது மஞ்சள் ஓடிய சாம்பலாகவும் தெரிந்தன. தரை டைல்ஸ் அதைவிட மோசம். தண்ணீரை ஊற்றி வெறுங்காலை வைத்த மேஸ்திரிக்கே கால் வழுக்கியது. அதே நிறம், அதே அளவு, ஆனால் சொரசொரப்பு துளியும் இல்லை. அம்மா நடக்கப்போகும் தரை அது!

அன்றே தொலைபேசியில் அழைத்தேன். கம்பெனி ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள், எவரும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்ததற்கான நீலக்குறி விழுந்ததே தவிர, பதில் இல்லை. நேரில் போனபோது முதலாளி பழனிக்குப் போயிருப்பதாகச் சொன்ன விற்பனையாளர், கழுவக் கழுவ ஷேடு ஒன்றாகிவிடும் என்றும், தரைக்கு ரப்பர் மேட் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் கூசாமல் சொன்னார். கடைசியில் முதலாளியே பேசினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று சீட்டிலேயே இருக்கிறதாம். பழைய பேட்ச் இப்போது வருவதில்லையாம். "கேஸ் போடறதுன்னா இங்க வந்துதான் போடோணும், கேரளாவுல இருந்துட்டு அலைவீங்களா?" என்று கேட்டார். காப்பி கொடுத்து, 'நம்ம ஆளுங்க' என்று சொன்ன அதே வாய்.

அவர் சொன்னது பொய். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எங்களுக்குப் பாலக்காடே போதும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும், பில் தராமல் விற்பதையும் அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். ஆணையத்திற்கான மனுவும் தயாராகிறது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. முழுச் சரக்கும் வீட்டில் இறங்கும் முன் முழுப் பணம் கொடுக்காதீர்கள். உடைவுக்கும் வெட்டுக்கும் சேர்த்துப் பத்து சதவீதம் கூடுதலாக ஒரே லோடில் வாங்குங்கள். பெட்டி ஒவ்வொன்றின் ஷேடு எண்ணையும் படம் எடுங்கள். மாதிரி டைல்ஸைக் கடையின் மஞ்சள் விளக்கடியில் பார்க்காமல் வெயிலில் எடுத்து வந்து பாருங்கள். தரை டைல்ஸில் தண்ணீர் ஊற்றிக் காலை வைத்துப் பாருங்கள். எஸ்டிமேட் சீட்டை வாங்காதீர்கள், பேட்ச் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லைக் கேளுங்கள். 64,800 ரூபாய் எங்களுக்குச் சிறிய தொகை அல்ல.