கடற்காற்றில் ஆர்ச்சஸ் நீர்வண்ணத் தாள்: ஓர் ஓவியரின் மதிப்புரை

கடலோரத்தில் வசித்துக்கொண்டு நாள்தோறும் நீர்வண்ணம் தீட்டுபவர்களுக்கு, நல்ல தூரிகையையும் நல்ல வண்ணத்தையும் விட நல்ல தாளே முதல் தேவை என்பது என் உறுதியான எண்ணம். தூரிகை சுமாராக இருந்தால் பழகிய கை ஈடுகொடுக்கும். வண்ணம் சுமாராக இருந்தால் வேறு இரண்டைக் கலந்து சமாளித்துவிடலாம். தாள் காற்றின் ஈரத்துக்குத் தளர்ந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. தரங்கம்பாடியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு வீட்டின் மாடியறையில் வேலைசெய்கிற நான், என் முக்கியமான படங்களுக்கெல்லாம் பயன்படுத்திவருவது ஆர்ச்சஸ் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கோல்ட் பிரஸ் என்னும் மிதமான மேடுபள்ளமுள்ள தாள். இதைப் பற்றிய மதிப்புரைகளுக்குக் குறைவில்லை என்றாலும், உப்புக்காற்று ஓயாத ஓர் ஊரில் இத்தாள் எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. விலையைப் பார்த்துத் தயங்கி நிற்கும் கடலோர ஓவியர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பிரான்சின் வோஜ் பகுதியில், ஆர்ச்சஸ் என்னும் ஊரில் 1492ஆம் ஆண்டிலிருந்து காகிதம் செய்துவரும் ஆலையின் தாள் இது. மரக்கூழ் கலவாமல் முழுக்கப் பருத்தி இழையால் ஆனது. சுழலும் உருளை அச்சில் மெதுவாக வார்க்கப்படுவதால் இழைகள் ஒரே திசையில் படுத்துவிடாமல் கைவினைத் தாளில் போலப் பல திசைகளிலும் பின்னிக்கொள்கின்றன. 56 × 76 செ.மீ. அளவுள்ள முழுத்தாளின் நான்கு ஓரங்களும் வெட்டப்படாமல் பிசிறோடு இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஆலையின் பெயர் நீர்க்குறியாகத் தெரியும். வெண்மை கண்ணைக் கூசாத இயல்பான வெண்மை. பளிச்சென்ற வெள்ளை வேண்டுவோருக்குத் தனி வகையும் உண்டு. தண்ணீரை உடனே உறிஞ்சிவிடாமல் இருப்பதற்காகத் தாளின் உட்புறத்திலும் மேற்பரப்பிலும் ஜெலட்டின் ஊட்டப்படுகிறது. ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுக்கப்படுவது. முதல் முறை தாளை முழுவதும் நனைக்கும்போது வருகிற லேசான விலங்கு வாடைக்கு அதுவே காரணம். தாள் காய்ந்ததும் வாடை போய்விடும். சைவத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் இதை அறிந்தே வாங்க வேண்டும் என்பதால் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். செயற்கைப் பசை ஊட்டிய பருத்தித் தாள்களும் சந்தையில் கிடைக்கின்றன.

இந்த ஜெலட்டின்தான் கடலோரத்தில் முதலில் சோதனைக்கு உள்ளாகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். எங்கள் கரையில் விடியற்காலையில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டாத நாட்கள் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் பகலிலும் இறங்குவதில்லை. அலைத்திவலைகளோடு காற்றில் ஏறிவரும் உப்பு, திறந்த சன்னல் வழியாக மேசை, பேலட், தாள் எல்லாவற்றின் மீதும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. அப்படிப் படிந்த உப்பு அங்கேயே இருந்து நாள் முழுதும் ஈரத்தை வரவழைத்துக்கொண்டிருப்பதால், வெறுமனே மழைக்காலத்துக்கு மட்டும் தாளை மூடிவைத்தால் போதும் என்று நினைப்பது சரியாகாது. ஈரத்தில் கிடக்கும் தாளின் பசை இடத்துக்கிடம் வலுவிழக்கும். பூஞ்சணத்துக்கு அதுவே உணவாகவும் ஆகும். தாளைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. வானத்துக்கு நீலம் இழுத்துக்கொண்டு போகும்போது, பசை போன இடங்களில் மட்டும் வண்ணம் மையொற்றுத் தாளில் விழுந்ததுபோல உள்ளே இறங்கி, அழிக்க முடியாத கரும்புள்ளிகளாக நின்றுவிடும். அந்த வானத்தை எப்படியும் மீட்க முடியாது.

இதற்கு முன்பு நான் வாங்கிய, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் மரக்கூழ்த் தாள்கட்டு, அலமாரியில் உறைக்குள் வைத்திருந்தும் ஒரே மழைக்காலத்தில் இந்த நிலைக்கு வந்துவிட்டது. பாதிக்குமேல் தாள்களில் ஓரத்திலிருந்து பழுப்புப் புள்ளிகளும் ஏறியிருந்தன. அதே அலமாரியில், அதே காலத்தில் இருந்த ஆர்ச்சஸ் தாள்கள் அடுத்த கோடையில் புதுத்தாள்போலவே வண்ணம் ஏற்றன. தயாரிப்பின்போதே பூஞ்சணத் தடுப்புப் பொருள் சேர்க்கப்படுவது இதற்கு ஒரு காரணம். பசை தாளின் உள்வரை ஊறியிருப்பது இன்னொரு காரணம் என்று கருதுகிறேன். ஆனால் இத்தாளும் சாகாவரம் பெற்றதன்று. உறை பிரித்து இரண்டு மழைக்காலம் திறந்த அலமாரியில் கிடந்தால் இதுவும் தளரும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

இனி வரைவதைப் பற்றிச் சொல்கிறேன். கிழக்குக் கரையில் வரைபவருக்குக் கிடைக்கும் சிறந்த நேரம் சூரியன் கடலிலிருந்து எழும் வேளைதான். இரவு கடலுக்குப் போன படகுகள் திரும்பிவந்து, வலையிலிருந்து மீன் பிரிக்கும் ஆட்கள் கரையெங்கும் குனிந்து நிற்கும் அந்நேரத்தில் காற்றும் ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். ஈரம் மிகுந்த அந்தக் காற்றில், வானத்துக்காக நனைத்த தாள் நெடுநேரம் பளபளப்பு மாறாமல் இருக்கும். அடிவானத்தில் யெல்லோ ஓக்கர் என்னும் காவி மஞ்சளை மெலிதாக இட்டு, அதன்மேல் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தை மேலிருந்து இறக்கினால் இரண்டும் தாமாகவே ஒன்றில் ஒன்று கலக்கும். மலிவான தாளில் இக்கலப்பு நான் விரும்பும் இடத்தில் நிற்காது. ஓர் இடம் காய்ந்தும் ஓர் இடம் குளமாகவும் இருக்க, குளத்து நீர் காய்ந்த பகுதிக்குள் திரும்பி ஏறிப் பூப்பூவாகக் கறை படியும். ஆர்ச்சஸில் தாள் முழுதும் ஒரே சீராக ஈரம் குறைகிறது. பளபளப்பு அடங்கி மேற்பரப்பு மங்கத் தொடங்கும் அந்தச் சிறு இடைவெளியைக் கண்ணால் தெளிவாகக் காண முடிகிறது. மேகத்தின் கீழ்விளிம்பை மென்மையாக வைக்க வேண்டிய தருணம் அதுவே. தாள் ஒரே சீராக உலர்வதால், கடைசிக் கோட்டை வைப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய எனக்கு அவகாசம் கிடைக்கிறது. இத்தாளுக்கு நான் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி இந்த அவகாசத்துக்காகவே.

கடலின் மேல் விழும் வெயிலுக்கு இத்தாளின் மேற்பரப்பு இன்னொரு வகையில் உதவுகிறது. கோல்ட் பிரஸ் வகையின் மேடுபள்ளம் மிதமானது. தூரிகையில் நீரைப் பெரும்பாலும் ஒற்றியெடுத்துவிட்டு, வண்ணத்தைப் படுக்கைவாட்டில் வேகமாக இழுத்தால், மேடுகளில் மட்டும் வண்ணம் ஏறிப் பள்ளங்கள் வெள்ளையாக நின்றுவிடும். காலை ஒளியில் அலைமுகடுகள் மினுங்குவதைக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. நன்கு நீர் சேர்த்த அல்ட்ராமரைனோ இதற்கு நேர்மாறாக, தன் துகள்களைப் பள்ளங்களில் தங்கவிட்டு, ஆழ்கடலுக்கு ஒரு மணற்பாங்கான அடர்த்தியைத் தருகிறது. இன்னும் கரடான ரஃப் வகையில் இவ்விரண்டும் இன்னும் தூக்கலாகத் தெரியும். ஆனால் படகின் அணியத்தையும் (முன்முனை) ஆட்களின் கை கால்களையும் சிறிதாக வரைய வேண்டியிருப்பதால் நான் கோல்ட் பிரஸ்ஸையே தேர்ந்தெடுக்கிறேன்.

வெயில் ஏறியபின் கதை மாறுகிறது. நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்துவிட்டால், அல்லது ஆனி, ஆடியில் நிலத்திலிருந்து வரும் வறண்ட மேல்காற்று முற்பகலில் அடிக்கும்போது, எந்தத் தாளிலும் வண்ணம் நொடிகளில் காய்ந்துவிடும். அப்போது இத்தாளின் வலு வேறோர் இடத்தில் தெரிகிறது. காய்ந்த வண்ணத்தை ஈரத் தூரிகையால் நனைத்து, துணியால் ஒற்றினால் பெரும்பாலும் எழுந்து வந்துவிடுகிறது. அலைதடுப்புக் கற்களின் மேல் வெயில் படும் முகங்களை இவ்வாறே பின்னர் வெளிச்சமாக்குகிறேன். தாலோ நீலம்போல இழையைப் பற்றிக்கொள்ளும் வண்ணங்கள் வராது. அது வண்ணத்தின் இயல்பு, தாளின் குறையன்று. படகுக் கயிற்றின் ஒளிக்கோட்டைக் கூரிய கத்திமுனையால் சுரண்டி எடுக்கும்போதும் மேற்பரப்பு பஞ்சுபஞ்சாகப் பிரிவதில்லை. ஆங்கிலேய ஓவியர் டர்னர் தம் நீர்வண்ணங்களில் ஒளியைச் சுரண்டி எடுத்தார். வலுவான பசையூட்டிய தாள் இல்லாவிட்டால் அம்முறையைக் கனவிலும் முயல முடியாது. மாஸ்கிங் டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரித்தால் ஓரமும் கிழிவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். 300 ஜி.எஸ்.எம். என்பது கனமான தாள்தான் என்றாலும், முழுப்பரப்பையும் நனைத்தால் அலையலையாக எழும். ஈரக்காற்றில் அது மெதுவாகக் காய்வதால் இந்த நெளிவு இங்கே கூடுதல் நேரம் நீடிக்கிறது. பள்ளங்களில் வண்ணம் தேங்காமல் இருக்க, தாளை முன்கூட்டியே நனைத்து, பலகையில் பசைத்தாள் நாடாவால் இழுத்து ஒட்டிக் காயவைப்பது அவசியம். அந்த வேலை வேண்டாம் என்பவர்களுக்கு 640 ஜி.எஸ்.எம். உண்டு, விலை அதற்கேற்ப ஏறும். நான்கு பக்கமும் ஒட்டப்பட்ட தாள்கட்டான பிளாக் வடிவில் வாங்கினாலும் இழுத்து ஒட்டும் வேலை மிச்சம். 23 × 31 செ.மீ. பிளாக்கில் 20 தாள்கள் இருக்கும். இருந்தாலும் கடலோரத்துக்கு நான் பிளாக்கைப் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பிளாக் முழுவதையும் கரைக்குத் தூக்கிச்செல்ல வேண்டியிருப்பதால், இன்னும் வரையாத தாள்களின் ஓரங்களும் ஒவ்வொரு காலையும் உப்பையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்கின்றன. முழுத்தாளாக வாங்கி, 28 × 38 செ.மீ. கால்தாள்களாக வெட்டி, அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் போவது பாதுகாப்பானது, கணக்கிலும் சிக்கனமானது.

வெட்டிய தாள்களை நான் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இட்டு, தரையிலிருந்து உயரமான இழுப்பறையில், வெளிச்சுவரைத் தொடாதபடி படுக்கைவாட்டில் வைக்கிறேன். பொட்டலங்களை அவ்வப்போது சூடாக்கி ஈரம் போக்கினால் மீண்டும் பயன்படும். கையை நன்றாகக் கழுவித் துடைக்காமல் தாளைத் தொடுவதில்லை, ஏனென்றால் வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது. வண்ணம் கலக்கக் கிணற்று நீரையும் தவிர்த்து, குடிநீர்க் கேனிலிருந்தே எடுக்கிறேன். கடலை வரைவதற்குக் கடல்நீரையே தொட்டுக்கொள்வது அழகான எண்ணமாகத் தோன்றலாம். படத்தில் தங்கும் உப்பு ஒவ்வொரு ஈரநாளிலும் நீரை இழுத்து வண்ணத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், வைத்துப் பாதுகாக்க விரும்பும் படத்துக்கு அதைச் செய்யக் கூடாது.

விலைதான் பெரிய தடை. முழுத்தாள் ஒன்றுக்கே பல நூறு ரூபாய் ஆகிறது. ஊரில் கடை இல்லாததால் தபால் செலவும் சேரும். ஓர் இணைய விற்பனையாளர் தாளைச் சுருட்டிக் குழலில் அனுப்பியதில் மூலைகள் நசுங்கி வந்தன. அதன்பின் தட்டையாக, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்புவதாக ஒப்புக்கொள்பவரிடம் மட்டுமே வாங்குகிறேன். இத்தகைய தாளில் தினசரிப் பயிற்சி செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. விலையின் பயம் கையைப் பிடித்துக்கொள்ளும். காலையில் ஆட்கள் வலை இழுக்கும் அசைவுகளை வேகமாகக் குறித்துக்கொள்ள மலிவான தாளே சரி. மசிக்கும் கரிக்கும் புதுச்சேரியில் 1959 முதல் இயங்கிவரும் அரவிந்தர் ஆசிரமக் கைவினைக் காகித ஆலையின் பருத்திக் கந்தல் தாள்களை விரும்பிப் பயன்படுத்துகிறேன். அவற்றின் கரடான பரப்பில் மசிக்கோடு உடைந்து உடைந்து ஓடுவது பழைய மரப்படகின் பலகைக்கு மிகப் பொருத்தம். குறிப்புகளெல்லாம் சேர்ந்து, வரைய வேண்டிய படம் மனத்தில் தெளிவான பிறகு ஆர்ச்சஸை எடுத்தால் ஒரு முழுத்தாள் நான்கு நல்ல படங்களாகும். அப்படிக் கணக்கிட்டால், பசை போய்க் குப்பைக்குச் செல்லும் மலிவுத் தாள்கட்டைவிட இதில் பண விரயம் குறைவு.

படங்களை விற்று வாழ்பவர்களுக்கும், பத்தாண்டு கழித்தும் நிறம் மாறாமல் இருக்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கும், கடலோரத்தில் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். புதிதாகக் கற்பவர்கள் ஒரே ஒரு முழுத்தாள் வாங்கி நான்காக வெட்டி, ஒரு துண்டைக் கோடையிலும் இன்னொன்றை ஐப்பசி மழையிலும் வரைந்து பார்க்கலாம். மீதி இரண்டையும் உறையிலிட்டு வைத்து, அடுத்த ஆண்டு அதே வானத்தை அதே வண்ணத்தில் தீட்டிப் பார்த்தபின் மொத்தமாக வாங்குவதா என்று முடிவுசெய்யட்டும்.